யோகம் வீடு மாறிய ஆனி

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் யோகத்தின் கடைசி நாட்களைப் பற்றியே கேட்கிறார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லி அனுப்புகிறேன். ஆனால் அவளை நினைக்கும்போது எனக்கு ஆஸ்பத்திரி நினைவுக்கு வருவதில்லை. நான்கு வருடங்களுக்கு முன் சிவகாசியிலிருந்து சூலக்கரைக்கு நாங்கள் வீடு மாறினோமே, அந்த ஆனி மாதம்தான் வருகிறது. அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள அந்த ஒரு மாதமே போதும்.

யோகம் என்கிற யோகேஸ்வரி என் மனைவி. ஆமத்தூர்க்காரி. பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பத்தில் பிறந்து, என்னைக் கட்டிக்கொண்டு சிவகாசிக்கு வந்தவள். பட்டாசுக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்றில், பெட்டி மடித்து ஒட்டுகிற பிரிவில் வேலை பார்த்தாள். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் வளர்ந்துவிட்டது. வீட்டில் அவள் என் காதில் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டு மாரிச்செல்வி பதில் சொல்வாள்.

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வரும். சில வாரம் அதுவும் தள்ளிப்போகும். தண்ணீர் வருகிற நாளில் யோகம் கம்பெனிக்கு லீவு போட்டுவிடுவாள். அதனால் எங்கள் வீட்டில் ஆட்களைவிடக் குடங்களுக்குத்தான் இடம் அதிகம். கட்டிலுக்கு அடியில் குடம், பரண்மேல் குடம், குளியலறையில் இரண்டு நீல டிரம். எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் பெண்கள் வளையல் வாங்குவார்கள். இவள் குடம் வாங்கி வருவாள்.

"இதுல ஒரு குடம் கொறைஞ்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கொறையட்டுமே. அந்த வாரம் நீங்க குளிக்காதீக" என்றாள்.

நான் விருதுநகரை ஒட்டிய சூலக்கரையில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். வருடக்கணக்காகத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். மகள் பாண்டிமீனாவின் பள்ளிக்கூடத்துக்காகத்தான் சிவகாசியில் இருந்தோம். அவள் மதுரையில் கல்லூரி விடுதியில் சேர்ந்து ஒரு வருடம் ஆன பின், சூலக்கரைப் பக்கமே ஒரு வீடு பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்.

வீட்டுக்காரியின் பெயர் லட்சுமிகாந்தம். விருதுநகரில் மளிகை மொத்த வியாபாரம் செய்த குடும்பம். கணவர் காலமான பின் முன் வீட்டில் தான் இருந்துகொண்டு பின் வீட்டை வாடகைக்கு விடுகிறவர். அவர் சாவியை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகக் காட்ட வந்தார். யோகம் எந்த அறையையும் பார்க்கவில்லை. நேரே கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்தாள். உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தாள்.

"ஏங்க, உப்பே இல்லங்க!" என்று அங்கிருந்து கத்தினாள்.

லட்சுமிகாந்தம் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். "எப்பவுமே இப்படித்தான் பேசுவாகளா?"

"சந்தோசமா இருந்தா கொஞ்சம் கூடும்" என்றேன்.

யோகம் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "தண்ணி எப்ப எப்ப வரும்க்கா?"

"எப்ப தெறந்தாலும் வரும். போர் போட்டு எம்புட்டோ வருசமாச்சு. ஒரு கோடையிலயும் நின்னதில்ல."

இதை யோகம் நம்பவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அந்த வீடு வேண்டும் என்பதும் தெரிந்தது.

லட்சுமிகாந்தம் இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தார். ஆடி பிறந்தபின் தன் வீட்டில் யாரும் குடியேறக் கூடாது. ஆனி முடிவதற்குள் பால் காய்ச்சிவிட வேண்டும். இரண்டாவது, பாலைக் காய்ச்சிவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிற சோலியும் கூடாது. முன்பு ஒருவர் அப்படித்தான் பால் காய்ச்சி, சாமான் அப்புறம் வரும் என்று சொல்லி, ஆவணி வரைக்கும் வரவேயில்லையாம். "பாலும் சாமானும் ஒரே நேரத்துல வரணும். இல்லாட்டி ஆலங்குளம் சிமெண்ட் பேக்டரியில இருந்து ஒரு குடும்பம் வீடு கேட்டுட்டே இருக்கு. அவுகளுக்குக் குடுத்துருவேன்" என்றார்.

வெள்ளையடித்து முடிக்க நாளாகும் என்பதால், எங்களுக்குக் கிடைத்தது ஆனியின் கடைசிப் புதன்கிழமைதான். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் பால் பொங்க வேண்டும்.

"அதுக்கென்ன, விடியுமுன்ன கெளம்பிருவோம்ல" என்றாள் யோகம். அன்று சாயங்காலமே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அவள் கம்பெனியில் அச்சு கொஞ்சம் விலகினாலோ நிறம் மங்கினாலோ பெட்டியைக் கழித்து ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பெட்டிகளைச் சொல்லிவைத்து வாங்கி வந்தாள். நல்ல கனமான அட்டை. வெளியே சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டாசுப் படம். அவற்றில் சாமான் அடுக்கும்போது தனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். தட்டு, இட்லிச் சட்டி எல்லாம் தரைச்சக்கரப் பெட்டியில். கரண்டிகள் கம்பி மத்தாப்பில். என் அலுவலகச் சட்டைகளைப் புஸ்வாணத்தில் போட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஆபீஸ்ல நீங்க கோவப்படுறத நான் பாத்திருக்கேன்ல" என்றாள்.

மகள் போனில், "அம்மா, என் புக்கெல்லாம் எதுலம்மா வச்சிருக்க?" என்று கேட்டாள்.

"ராக்கெட்லதான். போன செமஸ்டர் மார்க்குக்கு ஓலை வெடிதான் போடணும். ஏதோ பெத்த பாவத்துக்கு ராக்கெட்ல வச்சிருக்கேன்."

பூட்டு, சாவி, ஸ்குரு டிரைவர், இஸ்திரிப் பெட்டி என்று கனமான சாமானெல்லாம் அணுகுண்டுப் பெட்டிக்குப் போயிற்று. பெட்டியின்மேல் எதையும் எழுதத் தேவையில்லாமல் எது எங்கே என்று அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். குடங்களையும் விடவில்லை. டிரம்முக்குள் பெரிய குடம், அதன்மேல் சின்னக் குடம், அதற்குள் சொம்பு என்று அடுக்கி, மீதிக் குடங்களை ஒரே கட்டாகக் கயிறு போட்டுக் கட்டினாள்.

"தண்ணி எந்நேரமும் வர்ற வீட்டுக்கு இம்புட்டுக் குடம் எதுக்கு?"

"வருதுன்னு அவுகதானே சொன்னாக. நான் பாத்தேனா?"

புதன்கிழமை வந்தது. காலையில் குட்டியானை லோடு வண்டி வாசலில் நின்றது. டிரைவர் மணிகண்டராஜ் எங்கள் தெருவுக்குத் தெரிந்த பையன்தான். மதியம் அவனுக்கு வேறு லோடு இருந்ததால் எங்களுக்கு ஒரே நடைதான் என்று முன்பே சொல்லியிருந்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தவன், சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"எக்கா, இது என்னக்கா?"

"சாமான்தாம்லே. ஏத்து."

"இத நான் ஏத்த மாட்டேன்க்கா."

"ஏம்லே, கனமாவா இருக்கு?"

"கனம் கெடக்கட்டும். ஒரு வாரமா ரோட்டுல ஒவ்வொரு வண்டியா நிறுத்திப் பாக்காக. பேப்பர் இல்லாமப் பட்டாசு போகுதான்னு. நீங்க வண்டி முழுக்க அணுகுண்டா அடுக்கி வச்சிருக்கீக! வீட்டுக்குள்ள இருந்தா இது அட்டப்பெட்டிக்கா. ரோட்டுல ஏறிட்டா வெடிப்பெட்டி. என் லைசென்சு போயிரும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு தப்பு நடந்திருக்காது. சிவகாசியில் எல்லா வீட்டிலும் அந்தப் பெட்டிதான். அரிசி வைப்பது அதில், அழுக்குத் துணி போடுவது அதில், பூனை குட்டி போடுவதும் அதில்தான். மூன்று வாரமாக எங்கள் வீட்டுக்கு வந்து போன ஒருவருக்கும் அந்தப் படங்கள் கண்ணில் படவில்லை. தினமும் பஸ்ஸில் அதே ரோட்டில் போய் வந்த எனக்கும் தோன்றவில்லை.

"கவுத்துக் கொட்டிச் சாக்குல கட்டுவமா?" என்றேன்.

"கண்ணாடிச் சாமானெல்லாம் நொறுங்கிரும். அதுவுமில்லாம சாக்குக்கு இப்ப எங்க போக?" யோகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள். "மாரீ!"

மாரிச்செல்வி ஏற்கனவே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "கேட்டுட்டேன் மதினி. மேல பேப்பர ஒட்டி மறைச்சிட்டாப் போச்சு. எங்க வீட்டுல கட்டுக்கட்டாக் கெடக்கு."

அவள் கணவர் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்த்தார். கழிவுத் தாள்கள் அவர்கள் வீட்டுப் பரணில் நிறைய இருந்தன. அடுப்பில் மைதா பசை கொதித்தது. தெருவில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். லேபிள் ஒட்டியும் பெட்டி மடித்தும் பழகிய கைகள் அவை. ஒருத்தி பசை தடவ, ஒருத்தி தாளைப் போட, ஒருத்தி ஓரத்தை மடித்து நீவிவிட்டாள். வீட்டுக்கு வீடு கதை பேசிக்கொண்டே ஒட்டினார்கள். யோகம் எல்லோருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டே, "மாசச் சம்பளக்காரிக மாதிரி ஒட்டாதீக. பீஸ் ரேட்டுக்காரிக மாதிரி ஒட்டுங்க!" என்று விரட்டினாள். நான் எதிர்பார்த்ததில் பாதி நேரத்தில் வெடிப்பெட்டி ஒன்றுகூடக் கண்ணில் தெரியவில்லை.

மணிகண்டராஜ் கைதட்டிவிட்டு முதல் பெட்டியைத் தூக்கினான். பாதித் தூரம் போனவன் மறுபடியும் நின்றான்.

"எக்கா, இது முருகன்க்கா."

அப்போதுதான் நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். வீடு முழுவதும் சாமிகள். நான்கு பக்கமும் லட்சுமி சிரித்துக்கொண்டிருந்த பெட்டி, வேலும் மயிலுமாக ஒரு பெட்டி, பிள்ளையார் ஒட்டிய பெட்டி. காலண்டர் படத்தில் வேறு என்ன இருக்கும்?

"இதுமேல எப்படிக்கா கால வச்சு ஏறி அடுக்க? ஒண்ணுமேல ஒண்ணும் வைக்க முடியாது. கீழ இருக்கிற சாமி தலையில இட்லிச் சட்டியவா வைக்க?"

யோகம் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். மாரிச்செல்வியும் சிரித்தாள். எனக்கு மட்டும் மணி ஓடுவது தெரிந்தது.

கடைசியில் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்தோம். சாமிகள் வண்டித் தளம் முழுவதும் பரவி நின்றுவிட்டார்கள். கட்டிலைக் கழற்றிப் பக்கவாட்டில் செருகினோம். இன்னும் ஒரே ஒரு சாமானுக்குத்தான் இடமிருந்தது.

"பீரோவா, டிரம்மாக்கா? ரெண்டும் ஏறாது" என்றான் மணிகண்டராஜ்.

யோகத்தின் சிரிப்பு நின்றது. டிரம்களையும் குடக்கட்டையும் பார்த்தாள். என் பக்கத்தில் வந்து, அவளால் முடிந்த அளவுக்கு மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, அங்கன தண்ணி நின்னுட்டா என்ன செய்ய?"

"ஒருநாள் பஸ்ல வந்து எடுத்துட்டுப் போவமா?" என்றேன்.

"டிரம்ம பஸ்லயா? கண்டக்டர் டிரம்முக்கு ஒரு டிக்கெட், உங்களுக்கு அரை டிக்கெட் போடுவான்." பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ஏளா, எடுத்துக்கோங்க. அம்புட்டும் உங்களுக்குத்தான். வாரக் குழாயில பிடிச்சு வச்சுக் குடிங்க. நான் நினைச்ச நேரம் குடிக்கப் போறேன்."

சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். ஒரு டிரம் மாரிச்செல்விக்கு. பெண்கள் இடுப்புக்கு ஒன்றாகக் குடத்தை எடுத்துக்கொண்டு போவதை யோகம் வண்டியில் ஏறிய பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் மடியில் பால் பாத்திரமும், உப்பு, மஞ்சள், அரிசி, விளக்கு வைத்த பையும் இருந்தன.

ஆமத்தூர் தாண்டியதும் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டினார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"காலண்டர் லோடா? பில்லக் குடு."

"வீட்டுச் சாமான் சார்" என்றான் மணிகண்டராஜ்.

"எந்த வீட்டுலய்யா இம்புட்டுச் சாமி இருக்கு?" காற்றில் பசை காயாத ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. அவர் அதைக் கவனித்து லேசாக உரித்தார். பிள்ளையாருக்கு அடியில் சிவப்பு எழுத்தில் அணுகுண்டு வந்தது. அவர் சட்டென்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "எல்லாரும் எறங்குங்க."

யோகம் இறங்கினாள். ஒளிவுமறைவில்லாமல் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவள் சொன்னதை அவர் மட்டுமில்லாமல் ரோட்டின் இரண்டு பக்கமும் கேட்டிருக்கும். அவர் ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். இஸ்திரிப் பெட்டி. இன்னொன்றைக் காட்டினார். இட்லித் தட்டு. மூன்றாவதாக அவரே முருகன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திறந்தார். உள்ளே எங்கள் செருப்புகள்.

"ஏம்மா, முருகன் படத்த ஒட்டிச் செருப்பா வச்சிருக்கீக?"

"செருப்ப வைக்கும்போது அது சரவெடி சார். முருகன் பெறகுதான் வந்தாரு" என்றாள் யோகம்.

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போயிற்று. "கெளம்புங்க, கெளம்புங்க. அடுத்த தடவ வீடு மாத்துனா தக்காளிப் பெட்டி வாங்குங்க."

"அடுத்த தடவையா? இந்த வீட்டுக்கே இன்னும் போய்ச் சேரல சார்" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

மணிகண்டராஜ் ஓட்டிய ஓட்டத்தில் வண்டிக்குள் சாமிகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன. சூலக்கரையில் வண்டி நின்றபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. லட்சுமிகாந்தம் வாசலில் கடிகாரம் கட்டிய கையோடு நின்றுகொண்டிருந்தார். எங்களைத் திட்ட வாயெடுத்தவர், வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"இம்புட்டுப் பக்தியா இருப்பீகன்னு தெரியாமப் போச்சே" என்றார். யோகம் என் விலாவில் இடித்தாள்.

"சரி, நேரமாச்சு. நெறகுடத்தோட மொத ஆளா நீ உள்ள வா தாயி. குடம் எங்க?"

யோகம் பையைப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பால் காய்ச்சும் அன்று எடுத்துப் போகவென்று ஒரு எவர்சில்வர் குடத்தைத் தனியாக விளக்கி வைத்திருந்தாள். அதுவும் மற்றக் குடங்களோடு டிரம்முக்குள்ளேயே இருந்தது. டிரம் இப்போது சிவகாசியில் மாரிச்செல்வி வீட்டில் இருந்தது.

"குடம் இல்லக்கா" என்றாள். அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து அன்றுதான் கேட்டேன். "வண்டியில எடமில்லாம ஊருக்கே குடுத்துட்டு வந்துட்டேன். ஒண்ணுகூட மிச்சமில்ல."

லட்சுமிகாந்தம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாத்தையுமா?"

"நீங்க தண்ணி நிக்காதுன்னு சொன்னீகல்ல."

அந்த அம்மாள் விடுவிடுவென்று தன் வீட்டுக்குள் போனார். ஒரு பித்தளைக் குடத்தோடு வெளியே வந்தார். புளி போட்டு விளக்கியது போலப் பளபளவென்று இருந்தது. அவரே வாசல் குழாயில் தண்ணீர் பிடித்து, அதில் கொஞ்சம் மஞ்சள் பொடி தூவி, யோகத்தின் இடுப்பில் ஏற்றி வைத்தார். "வலது கால வச்சுப் போ. பையத் தூக்கிட்டு நீங்க பின்னாடி போங்க" என்று என்னையும் விரட்டினார்.

சாமிப் பெட்டிகளை மணிகண்டராஜ் ஒவ்வொன்றாக இறக்கினான். ஒவ்வொன்றுக்கும் லட்சுமிகாந்தம் வழிவிட்டு நின்றார். யோகம் விளக்கேற்றி அடுப்பில் பாலை வைத்தாள். புது அடுப்பு சரியாகப் பிடிக்காமல் இரண்டு தடவை அணைந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் பால் நுரைத்து ஏறி, விளிம்பைத் தாண்டி, அடுப்பு முழுவதும் வழிந்தது. யோகம் கைதட்டினாள். அந்தச் சத்தத்துக்கு அடுத்த காம்பவுண்டில் இருந்து ஒரு நாய் குரைத்தது.

எல்லோருக்கும் பால் கொடுத்தபின் அவளைக் காணவில்லை. கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். குழாயை முழுவதும் திறந்துவிட்டு, கைகட்டிக்கொண்டு அதன் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அடியில் பிடிக்க ஒரு பாத்திரமும் இல்லை. தண்ணீர் தென்னை மரத்தடிக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுச் சிந்தினால் என்னை வீட்டைவிட்டுத் துரத்துகிறவள் அவள்.

லட்சுமிகாந்தம் எட்டிப் பார்த்தார். "ஏத்தா, கொளாய மூடு! தண்ணி பூராம் வீணாப் போகுது பாரு!"

"இருங்கக்கா" என்றாள் யோகம், திரும்பாமலே. "நிக்குதான்னு பாக்கேன்."